பாட்டு மட்டும் போட்ட வானொலி

நான் வானொலியில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குச் சொல்லப்பட்ட முதல் விதி, என் குரல் வெளியே கேட்கக் கூடாது என்பது. தொலைபேசி எடுக்கும் வேலை. ஒலிபரப்பு அறைக்கும் நான் உட்கார்ந்திருந்த சின்ன அறைக்கும் நடுவே ஒரு கண்ணாடிச் சுவர். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தால் இருமல் வந்தால்கூட அடக்கிக்கொள்ள வேண்டும். நான் குசுகுசுவென்று பேசக் கற்றுக்கொண்டேன். வீட்டிலும் அதே பழக்கம் வந்து, "ஏன் திருடி மாதிரி பேசுற?" என்று அம்மா கேட்டார்.

வீடு கிள்ளானுக்குப் பக்கத்தில் காப்பார் என்ற ஊரில். அப்பா, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். வேலை கிடைத்த செய்தியைச் சொன்னதும் அவர் கேட்டது இதுதான்: "ரேடியோல பேசப் போறியா?"

"இல்லப்பா, போன் எடுக்கப் போறேன்."

"அதுக்கு எதுக்கு இம்புட்டு பவுடர்?"

காலையில் கிள்ளான் ரயில் நிலையம்வரை கூடப்பிறந்த அண்ணனின் மோட்டார் சைக்கிளில் போய், அங்கிருந்து ரயில் பிடித்து வருவேன். எங்கள் வானொலி நிலையம் தலைநகரில், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவரிசையின் மூன்றாவது மாடியில் இருந்தது. கீழே துணிக்கடை, நடுவில் டியூஷன் சென்டர். சாயங்காலம் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பது படிக்கட்டு முழுக்கக் கேட்கும். எங்கள் மாடிக்கு வந்து கதவைச் சாத்தினால் மட்டும் எல்லாம் அடங்கிவிடும். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தார்கள்.

அன்று எங்கள் வானொலி ஒரு குடும்பம் முழுக்கக் கேட்கும் வானொலி. காலையில் பக்திப் பாட்டு, பிறகு செய்தி, பசியாறும் நேரத்தில் பிறந்தநாள் வாழ்த்து, மதியம் சமையல் குறிப்பும் பழைய பாட்டும், மாலையில் புதுப் பாட்டு. இடையிடையே மரண அறிவிப்பு. யாருக்கும் எதையும் இல்லை என்று சொன்னதில்லை. நேயர்கள் அழைத்துச் சொல்வதை நான் சின்னக் காகிதங்களில் எழுதிக் கண்ணாடிக்குக் கீழே இருந்த இடைவெளி வழியாக உள்ளே தள்ளுவேன். உள்ளே எங்கள் தலைமை அறிவிப்பாளர் இருப்பார். நாற்பதைத் தாண்டிய மனிதர். யாரும் பார்க்கப்போவதில்லை என்றாலும் தினமும் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில்தான் ஒலிவாங்கியின் முன் உட்காருவார். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

ஒரு நாள் கிள்ளானிலிருந்து ஒருவர் அழைத்தார். "தங்கச்சி, எங்கம்மாவுக்கு நாளைக்கு அறுபது வயசு லா. ஒரு பாட்டு போடுங்க. எதுன்னாலும் பரவால்ல, ஆனா சோகப் பாட்டு வேணாம்." எங்கள் ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் அந்த 'லா'வைக்கூட விடாமல் நான் அப்படியே எழுதி உள்ளே தள்ளினேன். மறுநாள் அண்ணன் அதை, "தம்மை ஈன்றெடுத்த அன்னையின் அறுபதாம் அகவை நிறைவை முன்னிட்டு" என்று கணீரென்று வாசித்தார். அடுத்த நிமிடமே அந்த மகன் மறுபடியும் அழைத்தார்.

"தங்கச்சி, இப்ப சொன்னது எங்கம்மாவதானே?"

"ஆமா அண்ணே, உங்கம்மாதான்."

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அம்மா யாரோன்னு நெனச்சு சமையக்கட்டுக்குப் போயிட்டாங்க."

இதை நான் அறிவிப்பாளர் அண்ணனிடம் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ரேடியோன்னா கொஞ்சம் நல்ல சட்ட போட்டுக்கிட்டுத்தான் வரணும்மா" என்றார். அவருடைய தமிழும் அவருடைய சட்டையைப் போலத்தான் இருந்தது.

ஆனால் மரண அறிவிப்பு வாசிக்கும்போது அவர் வேறு மனிதராகிவிடுவார். அலங்காரம் ஒன்றும் இருக்காது. பெயர், வயது, வீட்டு முகவரி, உடல் எத்தனை மணிக்கு எடுக்கப்படும் என்ற விவரம். முகவரியை இரண்டு முறை வாசிப்பார், எழுதிக்கொள்ள நேரம் விட்டு. ரப்பர், செம்பனைத் தோட்டங்களிலிருந்து கிளம்பி ஆளுக்கொரு தாமான் குடியிருப்பில் சிதறிப்போன குடும்பங்கள் எங்கள் வானொலியைக் கேட்டுத்தான் சாவு வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. எங்கள் சொந்தத்திலேயே ஒரு சாவை அப்பா லோரியில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

பிறகு நிலையம் கைமாறியது. புது நிர்வாகம் வெளிநாட்டிலிருந்து ஓர் ஆலோசகரை அழைத்து வந்தது. அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தையும் தெரியாது. வந்த முதல் நாளே வெள்ளைப் பலகையில் பெரிய வட்டம் ஒன்று போட்டார். அதுதான் ஒரு மணி நேரமாம். அதற்குள் பாட்டுக்கு இவ்வளவு, விளம்பரத்துக்கு இவ்வளவு என்று கேக் வெட்டுவதுபோல் துண்டு போட்டார். நாலே நாலு இடத்தில் மெல்லிய கோடு. அறிவிப்பாளர் பேசுவதற்கு. ஒவ்வொன்றும் பதினைந்து விநாடி.

இதற்குத்தான் ஃபார்மட் என்று பெயர் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதுவரை எங்களுக்கு ஒரு ஃபார்மட் இருந்தது என்பதே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இனிமேல் ஹிட் பாட்டுகள் மட்டும் என்றார்கள். பழைய பாட்டு கிடையாது. சமையல் கிடையாது. பிறந்தநாள் வாழ்த்து கிடையாது, ஏனென்றால் அடுத்தவர் வீட்டுப் பிறந்தநாளில் யாருக்கும் அக்கறை இல்லை. மரண அறிவிப்பு கிடையவே கிடையாது. சோகத்தைக் கேட்டால் ஆள் வேறு அலைவரிசைக்குப் போய்விடுவார். கூட்டத்தில் அண்ணன் கையைத் தூக்கினார்.

"அப்ப செத்தவங்கள என்ன பண்றது?"

யாரோ அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்கள். ஆலோசகர் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார். எங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை.

அண்ணன் ஆறு மாதம் தாக்குப்பிடித்தார். பதினைந்து விநாடிக்குள் பேச வேண்டும் என்பதற்காகக் கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்துக்கொள்வார். அகவை, ஈன்றெடுத்த எல்லாம் போய், பாட்டின் பெயரும் நேரமும் மட்டும் மிஞ்சின. கடைசி நாளன்று அவருக்கு விடைபெற அனுமதி கொடுத்தார்கள், அதே பதினைந்து விநாடிக்குள். "இத்தனை நாள் கேட்டதற்கு நன்றி. இப்போது மணி பத்து" என்று சொன்னார். மீதிப் பத்து விநாடியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வானொலியில் பத்து விநாடி மௌனம் என்பது எவ்வளவு நீளம் என்பது எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும்.

இப்படிச் சொல்வதால் புது ஃபார்மட் மோசம் என்று அர்த்தமில்லை. அது பிடித்துக்கொண்டது. இளைஞர்கள் வந்தார்கள். கூட்டரசு நெடுஞ்சாலையில் ஜாமில் நிற்கும்போது பக்கத்துக் காரிலும் எங்கள் பாட்டு, அதற்கடுத்த காரிலும் எங்கள் பாட்டு. ரயிலில் பக்கத்து இருக்கைப் பெண் எங்கள் வானொலியின் மெட்டை முணுமுணுத்தபோது, "அது எங்க ரேடியோ" என்று சொல்லத் துடித்தேன். பெருமை இல்லாமல் இல்லை.

பாட்டு கேட்டு அழைப்பவர்களை இனி எடுக்க வேண்டாம் என்றதும் என் வேலை போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை, தலைகீழானது. இப்போது நான் நேயர்களை அழைக்க வேண்டும். ஒரு பட்டியலில் இருக்கும் எண்களைச் சுழற்றி, ஒவ்வொரு பாட்டிலும் ஏழு விநாடி போட்டுக்காட்டி, பிடிக்கிறதா, அலுத்துவிட்டதா என்று ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண் வாங்க வேண்டும். எந்தப் பாட்டு எத்தனை முறை ஒலிக்க வேண்டும் என்பதை அந்த மதிப்பெண்தான் முடிவு செய்யும்.

அந்தப் பட்டியலில் கேரித் தீவில் ஓர் அக்கா இருந்தார். தோட்டத்து ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர். வேலைக்குப் போகும் பெற்றோர்கள் காலையிலேயே கொண்டுவந்து விட்டுவிடும் குழந்தைகள், பின்னணியில் எப்போதும் ஏதாவது ஒன்று அழுதுகொண்டிருக்கும்.

"அக்கா, இந்தப் பாட்டுக்கு எத்தன மார்க்?"

"இதுக்கு ஒரு பிள்ள தூங்கும்."

"அப்படின்னா எத்தனக்கா? ஒன்னா, அஞ்சா?"

"தூங்கினா அஞ்சு தானே லா! ரேடியோக்காரங்களுக்கு இதுகூடத் தெரியலயா?"

ஏழு விநாடிகள் முடிந்ததும் எல்லோரும் வைத்துவிட மாட்டார்கள். பாலம் உடைந்து கிடக்கிறது, பஸ் வரவில்லை, மகளுக்குப் பரீட்சை, இந்த மாதம் மழை சரியில்லை. மதிப்பெண் தாளில் இதற்கெல்லாம் கட்டம் இல்லை. ஆனால் நான் அவசரப்படாமல் கேட்டேன். அப்படிக் கேட்டுக் கேட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கில் எந்தத் தாமானில் எந்தத் தோட்டத்துக்காரர்கள் குடியிருக்கிறார்கள், எந்தச் சாலை எந்த நேரத்தில் அடைத்துக்கொள்ளும், எந்தப் பிளாட்டில் லிப்ட் ஓடாது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடமானது. அதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

சில வருடங்களில் எல்லோர் கையிலும் கைப்பேசி வந்துவிட்டது. நாங்கள் போடும் அதே பாட்டு அதில் இருந்தது, விளம்பரம் இல்லாமல். நிர்வாகம் செலவைக் குறைத்தது. அறிவிப்பாளர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மூன்றாவது ஃபார்மட் வந்தது. அதன் முழக்கம்: "பேச்சு இல்லை, பாட்டு மட்டும்." ஒரு பெண் குரல் அதை ஒருமுறை பதிவு செய்து கொடுத்துவிட்டுப் போனது. ஒலிபரப்பு அறையில் கணினி மட்டும் இருந்தது. நாங்கள் நாலே பேர்: பாஸ் என்று நாங்கள் அழைத்த நிகழ்ச்சி மேலாளர், விளம்பரம் பிடிக்கும் ஓர் அக்கா, ஒரு தொழில்நுட்பக்காரர், நான். கணினிக்குப் பாட்டு ஏற்றுவது என் வேலை. என்னை ஏன் வைத்துக்கொண்டார்கள் என்று பாஸிடம் ஒருமுறை கேட்டேன். "நீ ஒருத்திதான் சத்தம் போடாம வேல செய்யுற" என்றார்.

அந்த வருடம்தான் தண்ணீர் நின்றது. கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு இது புதிது அல்ல. எங்கோ ஆற்றில் ஏதோ கலந்துவிட்டது என்பார்கள், சுத்திகரிப்பு நிலையத்தை மூடுவார்கள், வீட்டில் குழாயைத் திறந்தால் காற்று வரும். ஆனால் அந்த முறை பகுதி பகுதியாக நிற்காமல் ஒரேயடியாக நின்றது. எப்போது திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இரண்டாம் நாள் காலை பாஸ் ஈப்போவில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். மற்ற இருவரும் தண்ணீர் பிடிக்க லீவு போட்டிருந்தார்கள், நான் தனியாக இருந்தேன். குளித்து இரண்டு நாளாகியிருந்தது. ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துவிட்டு வந்திருந்தேன்.

தொலைபேசி மணி அடித்தது. அந்த எண்ணை இன்னும் யார் வைத்திருக்கிறார்கள் என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே எடுத்தேன். கிள்ளானில் ஒரு பிளாட்டிலிருந்து ஒரு பெண்.

"ஹலோ, ரேடியோவா? அக்கா, தண்ணி லோரி எங்க வருதுன்னு தெரியுமா? எங்கம்மா டயாலிசிஸ் பண்ணிட்டு வந்து படுத்திருக்காங்க. நான் மூனு தாமானுக்குப் போய்ப் பாத்துட்டேன்."

"நாங்க பாட்டு மட்டும்தான் போடுறோம் அக்கா" என்று வாய்வரை வந்துவிட்டது. அது சரியான பதில்தான். ஆனால் அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. எண்ணை வாங்கிக்கொண்டு வைத்தேன். வைத்தவுடன் இன்னொரு அழைப்பு. ஆண் குரல், பின்னால் எஞ்சின் சத்தம்.

"தங்கச்சி, நான் தண்ணி லோரி ஓட்டுறேன். பண்டமாரான்ல பிளாட் பக்கத்துல நிக்கிறேன். ஒரு மணி நேரமா நிக்கிறேன், பத்து பேர்கூட வரல. நான் வந்தது யாருக்கும் தெரியாது போலருக்கு. ரேடியோல கொஞ்சம் சொல்லுங்க லா. இல்லன்னா மிச்சத் தண்ணிய வேற எடத்துக்கு எடுத்துட்டுப் போகச் சொல்லிடுவாங்க."

தண்ணீர் இல்லாத பெண்ணுக்கும் ஆள் வராத லோரிக்கும் நடுவில் மோட்டாரில் ஐந்து நிமிடத் தூரம்கூட இருக்காது. அந்தப் பகுதி எனக்குத் தெரியும்.

ஒலிபரப்பு அறைக்குள் போனேன். ஒலிவாங்கியின் மேல் தூசு படியாமல் இருக்க ஒரு துணி போட்டிருந்தோம். அதை எடுத்தேன். கணினியில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினேன். பாட்டைப் பாதியில் நிறுத்துவது எங்கள் தொழிலில் பெரிய குற்றம். சிவப்பு விளக்கு எரிந்தது. அத்தனை வருடத்தில் அந்த விளக்கை நான் உள்ளிருந்து பார்த்தது அன்றுதான் முதல் முறை.

என்ன சொன்னேன் என்பது எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "எல்லாருக்கும் வணக்கம். பாட்ட நிறுத்துனதுக்கு மன்னிச்சுக்குங்க. பண்டமாரான் பிளாட் பக்கத்துல தண்ணி லோரி நிக்குது. தொங்கு, வாளி எது இருக்கோ எடுத்துக்கிட்டு இப்பவே போங்க. வயசானவங்க இருந்தா அவங்களுக்கும் சேத்து எடுத்துட்டு வாங்க. உங்க தாமான்ல லோரி வந்திருந்தா எனக்குப் போன் பண்ணுங்க, நான் சொல்றேன்." ஈன்றெடுத்த என்றெல்லாம் எனக்கு வரவில்லை. பீப்பாயைத் தொங்கு என்று, வீட்டில் பேசுவது போலத்தான் வந்தது. பிறகு பாட்டைப் போட்டேன்.

பாட்டு முடிவதற்குள் தொலைபேசியின் நாலு லைன் விளக்குகளும் எரிந்தன. மெருவில் லோரி வந்துவிட்டது. காப்பாரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தொட்டி வைத்திருக்கிறார்கள். பூச்சோங்கில் ஒருவர் வீட்டுக் கிணற்றைத் திறந்துவிட்டிருக்கிறார், யார் வேண்டுமானாலும் வரலாம், ஆனால் நாயைக் கட்டிப்போடும்வரை வாசலில் நிற்க வேண்டும். எல்லாவற்றையும் சொன்னேன், நாய் உட்பட. முதல் பெண் மறுபடியும் அழைத்தார். மூச்சிரைத்தது. "அக்கா, கெடச்சிருச்சு. நாலு வாளி." நான் அதையும் ஒலிபரப்பில் சொன்னேன். யாரோ ஒருவர் வீட்டில் நாலு வாளி தண்ணீர் வந்த செய்தியை அவ்வளவு மகிழ்ச்சியோடு யாரும் வாசித்திருக்க மாட்டார்கள்.

மதியம் பாஸ் ஈப்போவிலிருந்து அழைத்தார்.

"யாரு உன்னப் பேசச் சொன்னது?"

"யாரும் சொல்லல பாஸ்."

"பேச்சு இல்லை, பாட்டு மட்டும்னு ஒரு பக்கம் ஓடுது. இன்னொரு பக்கம் நீ நாயக் கட்டுங்கன்னு சொல்லிக்கிட்டு இருக்க. மேலருந்து எனக்குத்தான் போன் வரும்."

"வந்தா நான் பேசுறேன் பாஸ்."

கல்யாண மண்டபத்து நாதஸ்வரம் கேட்டது. பிறகு அவர் குரலை இறக்கி, "விளம்பரத்த மட்டும் விட்டுடாத" என்றார். நான் அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் என்னால் முடியவில்லை. தொலைபேசியை எடுத்து, எழுதி, ஓடிப்போய்ப் பேசி, பாட்டைப் போட்டு, மறுபடியும் ஓடிவந்து எடுக்க வேண்டும். பத்து மணி வாக்கில் படிக்கட்டில் யாரோ ஏறி வரும் சத்தம். தலைமை அறிவிப்பாளர் அண்ணன். நிலையத்தை விட்டுப் போனபின் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார் என்று கேள்விப்பட்டிருந்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. சட்டை மட்டும் அதே போல இஸ்திரி.

"ரெண்டு நாளா கார்ல கேட்டுக்கிட்டு இருக்கேன். மூச்சு வாங்குறது வெளிய வரைக்கும் கேக்குதும்மா" என்றார்.

நான் ஒலிவாங்கி இருந்த நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன். அவர் அதில் உட்காரவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து, என் மேசையில் உட்கார்ந்து, தொலைபேசியை எடுத்தார். "வணக்கம், சொல்லுங்க. எந்தத் தாமான்?" அவர் எழுதிய காகிதங்கள் கண்ணாடிக்குக் கீழே வரிசையாக வந்தன. அழகான கையெழுத்து. முகவரியை இரண்டு முறை எழுதியிருந்தார். நானும் இரண்டு முறை வாசித்தேன். தண்ணீர் திரும்பும்வரை, இன்னும் இரண்டு நாள், அவர் வந்துகொண்டே இருந்தார்.

குழாயில் தண்ணீர் வந்த மறுநாள் நிர்வாகம் என்னைக் கூப்பிட்டது. வேலை போய்விடும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். மேசையில் இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்றில் நேயர்கள் அனுப்பிய செய்திகள். இன்னொன்று மெலிந்தது, புகார்கள். பாஸ் மெலிந்ததைத்தான் முதலில் திறந்தார். தமிழை இப்படியா கொச்சைப்படுத்துவது, ஒலிபரப்பில் 'லா' போடலாமா, தொங்கு என்பது தமிழ்ச் சொல்லா என்று கேட்டிருந்தார்கள். கையெழுத்துப் போட்டு, மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள்.

நிர்வாக இயக்குநர் என்னைப் பார்த்தார். "காலை நேரத்த உங்களுக்குக் கொடுக்கலாம்னு இருக்கோம். ஆனா பேச்சுக்கு ஒரு ஆறு மாசம் பயிற்சி எடுத்துக்குங்க."

எனக்கு அன்று எங்கிருந்து துணிச்சல் வந்தது என்று தெரியவில்லை. "சார், செய்தி வாசிக்கணும்னா நல்ல தமிழ்ல வாசிக்கிறேன். அது எனக்கு வரும், ஸ்கூல்ல படிச்சது. ஆனா தண்ணி லோரி வருதுன்னு எங்க ஆளுங்ககிட்ட சொல்லணும்னா எங்க ஆளுங்க மாதிரிதான் சொல்லுவேன். அகவைன்னு சொன்னா சமையக்கட்டுக்குப் போயிடுவாங்க."

அவருக்கு அந்தச் சமையற்கட்டுக் கதை தெரியாது. விளக்கிச் சொன்னேன். பாஸ் முதலில் சிரித்தார். பிறகு இயக்குநரும் சிரித்தார்.

அப்படித்தான் நாலாவது ஃபார்மட் வந்தது. காலை நேரம் முழுக்கப் பேச்சு. சாலை நிலவரம், தண்ணீர், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி வரிசை, காணாமல் போன பூனை. பத்து மணிக்குமேல் பாட்டு. மரண அறிவிப்பு திரும்ப வந்தது, காலையும் மாலையும். அதைக் கேட்டு அலைவரிசை மாற்றியவர்கள் இருந்திருக்கலாம். ஆனால் அதற்காகவே எங்கள் அலைவரிசைக்கு வந்தவர்களை நான் அறிவேன். என் முதல் காலை நிகழ்ச்சியை அப்பா லோரியில் கேட்டார். மாலையில், எப்படி இருந்தது என்று நானே கேட்டேன். "மெருவுக்கிட்ட ஜாம்னு சொன்ன. நான் வேற வழியில போயிட்டேன். அரை மணி நேரம் மிச்சம்" என்றார். எனக்கு வந்த பாராட்டுகளிலேயே அதைத்தான் நான் பெரியதாக நினைக்கிறேன்.

பேச வந்தவர்கள் பாட்டையும் கொண்டுவந்தார்கள். கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவர், தானே எழுதிப் பாடிய பாட்டை ஒரு சின்னப் பென்டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தார். எங்கள் கணினியில் அப்போது இருந்த உள்ளூர்ப் பாட்டுகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். "கேட்டுட்டு நல்லா இல்லன்னா சொல்லிடுங்க மேடம், நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்றார். பாட்டில் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகும் பஸ்ஸும் ஜன்னல் ஓரத்துச் சீட்டும் இருந்தன. மறுநாள் காலை போட்டேன். கேரித் தீவு அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது.

"பாடுறது யாரு? நம்ம ஊர்ப் பையனா?"

"ஆமாக்கா."

"இன்னொரு தடவ போடு. இங்க ஒன்னுகூடத் தூங்கல. எல்லாம் உக்காந்து கேக்குதுங்க."

முதலில் மணிக்கு ஓர் உள்ளூர்ப் பாட்டு என்று பாஸிடம் போராடி வாங்கினேன். பிறகு இரண்டு. விளம்பரம் கொடுப்பவர்கள் ஓடிவிடுவார்கள் என்று விளம்பர அக்கா பயந்தார். ஓடவில்லை. அந்தத் தொழிற்சாலைக்காரருக்குப் பின்னால் படிக்கட்டில் ஒரு வரிசையே உருவானது. டியூஷன் சென்டர் பிள்ளைகள், பாட வந்தவர்களைக் கண்டால் வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டு வெளியே எட்டிப் பார்ப்பார்கள்.

பாஸ் ஓய்வுபெற்று ஈப்போவுக்குப் போய்விட்டார். அவருடைய நாற்காலியில் இப்போது நான் இருக்கிறேன். இந்த வருடம் புது ஃபார்மட் கேட்டார்கள். எழுத வேண்டியது நான். ஒலிபரப்பு அறையில் இப்போது மூன்று கேமராக்கள் இருக்கின்றன, நாங்கள் பேசுவதைக் கைப்பேசியில் பார்க்கிறார்கள். சென்னையிலிருந்து வேலைக்கு வந்து பெட்டாலிங் ஜெயாவில் தங்கியிருக்கும் பொறியாளர் பிள்ளைகளும் கேட்கிறார்கள். சில சொற்களுக்கு அர்த்தம் கேட்டு எழுதுகிறார்கள், நாங்கள் விளக்குகிறோம். எல்லாவற்றையும் யோசித்து ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். இரண்டு பக்கம்தான் வந்தது. பாட்டில் சரிபாதி இந்த நாட்டில் பாடப்பட்டதாக இருக்கும். எந்த நேரத்திலும் தொலைபேசி எடுக்க ஒரு மனிதர் இருப்பார். அவசரமென்றால் எந்தப் பாட்டையும் பாதியில் நிறுத்தலாம், யாரிடமும் கேட்கத் தேவையில்லை. முக்கியமானது இந்த மூன்றும்தான்.

கூட்டத்தில் ஒருவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஒரு ஃபார்மட்டா?" என்று கேட்டார்.

"ஃபார்மட்தான் சார். இருபது வருஷமா யோசிச்சது" என்றேன்.

ஒரு திருத்தத்தோடு ஏற்றுக்கொண்டார்கள். 'மனிதர்' என்று நான் எழுதியதை 'பணியாளர்' என்று மாற்றினார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு திங்கட்கிழமை காலை அது தொடங்கியது. முதல் உள்ளூர்ப் பாட்டு, ஒரு பெண் பாடியது, நல்ல துள்ளலான தாளம். பாட்டு பாதியில் இருக்கும்போதே முதல் அழைப்பு வந்தது. நானே எடுத்தேன். செலாயாங் மொத்தச் சந்தையில் வெங்காயம் விற்கும் ஓர் அங்கிள்.

"யாரும்மா இப்ப பொறுப்பு? இந்தப் பாட்டு ரொம்ப ஆட்டமா இருக்கு. வெங்காயம் நிறுக்குறப்ப கை நிக்க மாட்டேங்குது."

"நான்தான் அங்கிள் பொறுப்பு."

"நீயா? காலைல பேசுற பொண்ணுதானே? அப்ப உன்கிட்டயே சொல்றேன். நான் சொன்னது தப்பா?"

"தப்பே இல்ல அங்கிள். இத எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்றீங்களா?"

"எல்லாருக்குமா? சரி, சொல்றேன். பயமா என்ன?"

பாட்டு முடிந்தது. சிவப்பு விளக்கைப் போட்டு, அவருடைய லைனைத் திறந்துவிட்டேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் கடை எந்த வரிசையில் இருக்கிறது என்பதில் ஆரம்பித்தார்.